மனப்பாடக் காது

ஹோம் தியேட்டர் ரிசீவர் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தால் முதல் மரியாதை அட்டைப்பெட்டிக்குத்தான். என் கணவர் அதைக் கூடத்து மேசையில் வைத்து, நாலு பக்கமும் தடவிக் காட்டி, கேமராவைப் பார்த்து, "பேக்கிங்கே ஒரு லெவல்ல இருக்கு பாருங்க" என்பார். உள்ளே இருக்கும் தெர்மோகோலுக்கும் ஒரு பாராட்டு உண்டு. பிறகு ரிமோட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார். மார்க்கெட்டில் கத்தரிக்காயை இப்படிப் புரட்டிப் பார்த்து வாங்கியிருந்தால் எங்கள் வீட்டில் இத்தனை சொத்தைக் கத்தரிக்காய் குப்பைக்குப் போயிருக்காது.

அவருக்கு வேட்டவலம் ரோட்டில் கடை. டிவி, ஸ்பீக்கர், ரிசீவர் எல்லாம் விற்பார். வீடுகளுக்கும் லாட்ஜுகளுக்கும் போய் மாட்டிக் கொடுப்பார். ரிசீவர் என்பது டிவியிலிருந்து வரும் சத்தத்தை வாங்கி, கூடத்தைச் சுற்றி வைத்திருக்கும் ஐந்தாறு ஸ்பீக்கர்களுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிற கனமான கறுப்புப் பெட்டி. கடையோடு நின்றிருந்தால் வம்பில்லை. யூடியூபில் ஒரு சானல் ஆரம்பித்து விமர்சகர் ஆகிவிட்டார். கம்பெனிக்காரர்கள் பெட்டிகளை அனுப்புவார்கள், இவர் கேட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார், பெட்டி திரும்பிப் போகும், அடுத்தது வரும்.

தீர்ப்பு என்றால் சாதாரணத் தீர்ப்பு இல்லை. "மிட் ரேஞ்ச் தேன் மாதிரி வழியுது." "ஹைஸ்ல கொஞ்சம் காரம் ஜாஸ்தி." "பேஸ் நல்லா வெந்திருக்கு." இதையெல்லாம் நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். நான் வைத்த சாம்பாரைப் பற்றி அந்த மனுஷர் இதுவரை "ம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பரிசோதனை முறையும் ஒன்று வைத்திருந்தார். ஜன்னல்களைச் சாத்துவார். ஃபேன் சத்தம் மைக்கில் விழும் என்று ஃபேனை நிறுத்துவார். மலை பகலெல்லாம் வாங்கிய சூட்டைச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்கிற ஊரில், சித்திரை மாதத்தில், ஃபேன் இல்லாமல் உட்கார்ந்து ரிசீவரைக் கேட்பார்கள் என்று யார் இவருக்குச் சொன்னார்களோ. பிறகு ஹெலிகாப்டர் விழுகிற காட்சி ஒன்றைப் போடுவார். பரணில் இருக்கும் எவர்சில்வர் பாத்திரங்கள் அதிர்ந்தால் பேஸ் பாஸ். பெட்டி திறந்த மேசையில் ஜம்மென்று காற்று வாங்கிக்கொண்டிருக்கும். இதே பெட்டியை வாங்கிப் போகிறவர்கள் ஷோகேஸில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வைத்து, லேஸ் தைத்த துணியைப் போர்த்தி, அதன் மேல் கல்யாண ஃபோட்டோவையும் வைப்பார்கள். குக்கர் விசிலடிக்கும், பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடும், பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டத்துக்காகத் தெருவில் ஒலிபெருக்கி வேறு. அங்கே அது எப்படிப் பாடும் என்று இவர் சொன்னதே இல்லை. இவர் மட்டும் அப்படி என்றும் சொல்ல முடியாது. இவர் பார்க்கிற மற்ற விமர்சகர்களும் இதே கட்சிதான்.

இந்தக் கூத்தையெல்லாம் நான் சகித்துக்கொண்டுதான் இருந்தேன். சகிக்க முடியாமல் போனது மாமாவால்.

மாமா என்றால் என் மாமனார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். வேலைக்காலம் முழுவதும் எஞ்சின் சத்தத்திலும் விசில் சத்தத்திலும் நின்றவர். அத்தை போன பிறகு எங்களோடு இருந்தார். என் மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்; கணவர் கடை விட்டு வந்தால் பெட்டிகளோடு குடித்தனம். எனக்குச் சாயங்காலப் பேச்சுத்துணை மாமாதான். இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டே படம் பார்ப்போம். முதல் அரைமணி நேரத்துக்குள் அவர் கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவார். "இவன்தாம்மா. மூஞ்சியைப் பாரு." அநேகமாக அந்த ஆள் இடைவேளைக்குள் செத்துப்போவான். உடனே அடுத்த ஆளைப் பிடிப்பார்.

கொஞ்ச நாளில், "இன்னா சொன்னான்?" என்று கேட்க ஆரம்பித்தார். நான் சொல்வேன். அப்புறம் கேட்பதையும் நிறுத்திவிட்டார். கொலைகாரனைத் தேடுவதையும் நிறுத்திவிட்டார். கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு போர்டிகோவில் போய் தெருவைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். கேட்டால், "இங்க காத்து நல்லா வருதும்மா" என்பார். அங்கே காற்றே கிடையாது, ஆட்டோ புகைதான் வரும். டாக்டரிடம் போகலாம் என்றால் கோபம். "என் காது நல்லாத்தான் கீது. நீங்கதான் வர வர வாய்க்குள்ளயே பேசறீங்க."

ஒரு நாள் காபி கொடுக்கும்போது சொன்னார். "பௌர்ணமிக் கூட்டம் அடங்கட்டும்மா. நான் சின்னவன் வூட்டுக்குப் போயிடறேன். ஊர்ல எல்லாரும் சத்தமா பேசுவாங்க."

ஐந்தாறு ஸ்பீக்கர் வைத்த வீட்டில் ஒரு வார்த்தை புரியவில்லை என்று ஒரு மனிதர் வீட்டைவிட்டுப் போகிறார். மாமனார் ஊருக்குப் போனால் அப்பாடா என்று மூச்சு விடுகிற மருமகள்களை எனக்குத் தெரியும். நான் அப்படி இல்லை. அவர் போகக் கூடாது, திரும்பவும் கூடத்தில் வந்து உட்கார வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அந்த வாரம் வந்த புதுப் பெட்டியின் அட்டையில், வசனம் தனியாகத் தெளிவாகக் கேட்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பெட்டி வந்ததற்காக நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. அட்டையில் இருப்பது நிஜமென்றால் மாமாவை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிடலாம். நிஜமா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் என் வீட்டுக்காரர். அங்கேதான் இடித்தது.

வசனத்தைச் சோதிக்க அவர் எப்போதும் ஒரே காட்சியைத்தான் போடுவார். பழைய படமொன்றில் வரும் கோர்ட் சீன். அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிருந்து பார்த்து வரும் படம். அன்றைக்கு மாமாவையும் கையைப் பிடித்துக் கூட்டிவந்து சோபாவில் உட்கார வைத்தேன். வக்கீல் பேச ஆரம்பித்தார். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு வக்கீலோடு சேர்ந்து அசைந்தது.

"அப்பா, கேக்குதா?"

"ம்ம். கேக்குது கேக்குது" என்றார் மாமா. பிறகு என் பக்கம் குனிந்து, "இன்னா சொல்றான்?" என்றார்.

கணவர் அதற்குள் கேமரா பக்கம் திரும்பிவிட்டார். "ஒவ்வொரு எழுத்தும் கண்ணாடி மாதிரி இருக்குங்க. வீட்ல பெரியவங்க இருந்தா கண்ண மூடிட்டு வாங்கலாம்."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். காட்சியை மறுபடி ஓட விட்டார். ரிமோட் என் பக்கத்தில் கிடந்தது. வக்கீல் பாதி வாக்கியத்தில் இருக்கும்போது சத்தத்தை முழுவதுமாக அடைத்துவிட்டேன். கூடம் நிசப்தமானது. என் கணவரின் உதடு மட்டும் வசனத்தை முடித்துவிட்டு, தலையை ஆட்டிப் பாராட்டிவிட்டுத்தான் நின்றது.

"என்ன, கரண்ட் போச்சா?"

"கரண்டெல்லாம் இருக்குதுங்க. உங்களுக்கு இது மனப்பாடம். பெட்டியே இல்லன்னாலும் உங்களுக்கு அந்த வக்கீல் பேசறது கேக்கும். பெரியவங்களுக்கு வாங்கலாம்னு சொல்றீங்களே, பக்கத்துல ஒரு பெரியவர் உக்காந்திருக்காரே, அவரைக் கேட்டீங்களா?"

"கேட்டேனே. கேக்குதுன்னாரே."

"கேக்குதான்னு கேட்டா எல்லாரும் கேக்குதுன்னுதான் சொல்லுவாங்க. என்ன கேட்டுச்சுன்னு கேளுங்க."

நான் அடி அண்ணாமலையில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாடத்தை மளமளவென்று வாசிக்கிற பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறவள். அந்தப் பிள்ளைக்குப் படிக்கத் தெரியுமா என்று பார்க்க ஒரே வழிதான். பாடத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுத வேண்டும். அதுவரை தேராய் ஓடிய பிள்ளை முதல் சொல்லிலேயே நின்றுவிடும். எங்கள் ஊர் ரிசீவர் விமர்சனம் முழுவதும் தலைகீழ்ப் புத்தகத்தில் நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

"என் முறைப்படி ஒரு பரீட்சை வைக்கிறேன். உங்க பெட்டி பாஸானா இனிமே வாயே திறக்கமாட்டேன்" என்றேன். இந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவர் சம்மதித்திருக்க வேண்டும்.

என்னோடு வேலை செய்யும் டீச்சர் ஒருத்தியிடம், யாரும் எதிர்பார்க்காத மாதிரி வாக்கியங்களைச் சாதாரணமாகப் பேசுகிற குரலில் ஃபோனில் பதிவு செய்து தரச் சொன்னேன். நானும் கேட்டுப் பார்க்கவில்லை. அவள் குறும்புக்காரி. ‘சித்தப்பா ஊறுகாய் ஜாடிக்குள் சைக்கிள் சாவியை மறைத்து வைத்தார்’ என்ற தினுசில் சொல்லியிருந்தாள். அடுத்த வார்த்தை இதுதான் வரும் என்று யாராலும் ஊகிக்க முடியாது. காதில் விழுந்தால்தான் உண்டு.

கணவரின் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் பாய். தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்க்காரர். கல்யாணங்களுக்கு மைக் செட்டும் சீரியல் விளக்கும் வாடகைக்கு விடுவார். அவரை உதவிக்குக் கூப்பிட்டேன். புதுப் பெட்டியோடு, கடையிலிருந்த பழைய பெட்டிகள் இரண்டையும் கொண்டு வரச் சொல்லி, எதிரில் கொடிக்கயிறு கட்டிப் பெட்ஷீட்டைத் தொங்கவிட்டோம். எந்தப் பெட்டி பாடுகிறது என்று பாய்க்கு மட்டும்தான் தெரியும். மூன்றுக்கும் ஒரே அளவு சத்தம் வருகிற மாதிரி ஃபோனில் அளந்து வைக்கச் சொன்னேன், ஏனென்றால் எது கொஞ்சம் ஜாஸ்தி கத்துகிறதோ அதுதான் நல்ல பெட்டி என்று காது நம்பிவிடும். ஃபேன் ஓடட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும் என்றேன்.

"தங்கச்சி, பொண்ணு பாக்கறதுக்குக்கூட நாங்க இவ்ளோ மெனக்கெட்டது இல்ல" என்றார் பாய் பெட்ஷீட்டுக்குப் பின்னாலிருந்து.

ஒவ்வொருவராகச் சோபாவில் உட்கார வேண்டும்; ஒரு வாக்கியம் ஓடும்; கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். முறை வராதவர்கள் போர்டிகோவில் இருக்க வேண்டும். முதலில் நான் உட்கார்ந்தேன். ஒன்றிரண்டு சொல் தவிர எல்லாம் வந்தது. அந்த டீச்சர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து எனக்கே மதிப்பெண் போடுவதில் பாய்க்கு ஒரே குஷி. அடுத்து மாமா. நான் பரீட்சையைப் பார்க்க உள்ளேயே இருந்தேன். பாவம், வேர்த்துவிட்டது அவருக்கு. சில வாக்கியங்களைப் பிடித்தார், சிலவற்றில் நடுச் சொல்லை விட்டார், சிலவற்றுக்கு "தெரியலம்மா" என்றார். எந்தப் பெட்டி ஓடினாலும் ஏறக்குறைய அதே கதைதான். அட்டையில் போட்டிருந்த கொட்டை எழுத்தெல்லாம் அட்டைக்கு மட்டும்தான் போலிருக்கிறது. முடிந்ததும் எழுந்து போகாமல் சோபா ஓரத்திலேயே நின்றுவிட்டார்.

கடைசியில் விமர்சகர் வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சோபாவின் நட்ட நடுவில், ஸ்பீக்கர்களுக்கு நேராக உட்கார்ந்தார். வாக்கியம் ஓடியது. அவர் தலையை ஆட்டினார்.

"சொல்லுங்க" என்றேன்.

"இன்னொரு வாட்டி போடச் சொல்லு."

இரண்டாவது தடவையும் தலையை ஆட்டினார். பிறகு என்னவோ சொன்னார். அந்த வாக்கியத்துக்கும் அவர் சொன்னதற்கும் தூரத்து உறவுகூட இல்லை. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததில் பாதி வந்தது. "ரெக்கார்டிங் சரியில்ல", "ஃபேன் சத்தம் கம்மி பண்ணு", "அந்த டீச்சருக்கு உச்சரிப்பே வரல" என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு குற்றவாளியைப் பிடித்தார். நடுவில் பாய் ஒரு வேலை செய்தார். பெட்டியை மாற்றுகிற மாதிரி ஒயரைத் தட்டிவிட்டு அதே பெட்டியையே மறுபடி ஓடவிட்டார்.

"இது வேற. இதுல தேன் இருக்கு. முன்ன ஓடுனது வறட்டுப் பெட்டி" என்றார் என் கணவர்.

பெட்ஷீட் குலுங்கியது. பின்னாலிருந்து பாய் சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். இத்தனை வருஷம் கேட்ட தேனுக்கும் காரத்துக்கும் சேர்த்து வஞ்சனையில்லாமல் சிரித்தேன். மொத்தத்தில் அவர் தன் அப்பாவைவிடக் குறைவாகத்தான் சரியாகச் சொல்லியிருந்தார் என்பது சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு மண்டையில் ஏறியது.

மாமா சிரிக்கவில்லை. மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவனுக்கும் கேக்கலம்மா" என்றார்.

"அப்பா, சும்மா இருங்கப்பா. வோல்டேஜ் கம்மியா இருக்கு, அதான்."

"புரியாதப்ப நானும் இப்படித்தான் தலையாட்டுவேன்" என்றார் மாமா. பெட்ஷீட்டுக்குப் பின்னால் பாய் சத்தமில்லாமல் ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். எங்கள் வீட்டில் சங்கு ஊதுகிறவருக்கே காது போயிருந்தது. ஹெலிகாப்டர்கள் சும்மா விழவில்லை. எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

டாக்டரிடம் போகலாம் என்றதும் கணவர் குதித்தார். தொழிலில் இருக்கிற ஆள் காது டாக்டரிடம் போனால் ஊர் என்ன பேசும், சானல் என்ன ஆகும். அப்போதுதான் மாமா அதைச் சொன்னார். தன் காதுக்கு டாக்டரிடம் வர, நான் கெஞ்சியும் என் மகள் ஃபோனில் அழுதும் அசையாத மனுஷர்.

"எனக்குத்தான் பாக்கப் போறோம். நீ தொணைக்கு வா. வந்த எடத்துல நீயும் பாத்துக்கோ, யாருக்குத் தெரியப் போவுது?"

பௌர்ணமிக் கூட்டம் அடங்கியதும் ஊருக்குப் போக வேண்டியவர் எங்களோடு வேலூர் பஸ் ஏறினார். மகனை ஜன்னலோரம் உட்கார வைத்து, தான் இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டார், நடுவில் இறங்கி ஓடிவிடுவான் என்று பயந்த மாதிரி.

காது டாக்டரின் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடி அறை. உள்ளே ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள். அங்கே தேனும் இல்லை, காரமும் இல்லை. கேட்டால் அழுத்த வேண்டும், கேட்கவில்லை என்றால் சும்மா இருக்க வேண்டும். இதைவிட ஒழுங்கான விமர்சனத்தை நான் பார்த்ததில்லை. என் கணவர் உள்ளே போனதும், அந்த ஹெட்ஃபோன் என்ன மாடல் என்று சோதிக்கிற பெண்ணிடம் விசாரித்தார். அவள் பதில் சொன்னாள். அவருக்குப் பதில் கேட்கவில்லை, தலையை ஆட்டினார்.

மாமாவுக்கு வயசும் பஸ்ஸும் செய்த வேலை, மெஷின் வைத்தால் பேச்சு நன்றாகப் பிடிபடும் என்றார் டாக்டர். மகனுக்கு வயசாகவில்லை, பெரிய சத்தம் செய்த வேலை என்றார். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளச் சத்தத்தைக் குறையுங்கள், இவருக்கும் மெஷின் வேண்டும் என்றார். மாமா மறுபேச்சில்லாமல் சரி என்றார். என் கணவர், "யோசிச்சு சொல்றேன் சார்" என்றார். தன் கடையில் யாராவது இப்படிச் சொன்னால், இவன் வாங்கப் போவதில்லை என்று முதுகுக்குப் பின்னால் சொல்கிறவர் அவர்.

மெஷின் வந்தது. மாமா அதை மாட்டிக்கொண்டு முதல் நாள் முழுவதும் வீட்டைத் திட்டினார். குழாய் சொட்டுகிறது, ஃபேன் கிரீச்சிடுகிறது, நான் பாத்திரத்தை ஏன் இப்படிப் போடுகிறேன் என்று ஒரே புகார். எனக்குக் காதில் தேன் பாய்ந்தது என்று சொன்னால் என் கணவர் சிரிப்பார். சொல்லிவிட்டுப் போகிறேன். ஊருக்குப் போகிற பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

சாயங்காலம் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். படம் போடட்டுமா என்று கேட்டேன்.

"படம் இருக்கட்டும். இவன் வீடியோவைப் போடு. நான் ஒண்ணுகூடக் கேட்டதில்ல."

என் கணவர் தூணோரம் நின்று ஏதோ ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல முடியாத அளவுக்கு உள்ளூர ஒரு ஆசை இருந்தது அந்த முகத்தில். அந்தக் கடைசிப் பெட்டியின் வீடியோவைப் போட்டேன். மாமா முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, அட்டைப்பெட்டி, தெர்மோகோல், ரிமோட், தேன், காரம், ஹெலிகாப்டர் எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் கேட்டார். கண்ணாடி மாதிரி என்று மகன் சொன்ன இடத்தில் மட்டும் புருவம் உயர்ந்தது.

"எல்லாம் நல்லாத்தான் பேசற" என்றார். மெஷின் வந்த பிறகு அவர் குரல் தணிந்துவிட்டது. "உங்கப்பனுக்கு ஒண்ணும் புரியலன்னு மட்டும் சொல்லாம வுட்டுட்டியேடா."

என் கணவர் கையில் ஒயரோடு நிமிர்ந்தார்.

"என்னப்பா சொன்னீங்க?"

மாமா சோபாவிலிருந்து எழுந்தார். உதடு தெரிகிற மாதிரி மகனுக்கு நேர் எதிரே போய் நின்று, மெதுவாக, மறுபடியும் சொன்னார்.